ஆலைத் தறியிலிருந்து ஆப்பிரிக்கக் காட்டிற்கு: மேரி ஸ்லெஸ்ஸர் அம்மையார் வரலாறு

பெரியோர் வரலாறுகளைப் படிக்கும்போது அவர்கள் ஏறி நின்ற உயரத்தை மட்டுமே கண்டு வியப்பது நம்மில் பலருக்கும் வழக்கம். அவர்கள் எந்தப் பள்ளத்திலிருந்து ஏறத் தொடங்கினார்கள், ஏறும்போது எதைப் பற்றிக்கொண்டார்கள் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கல்வி ஒன்றையே ஊன்றுகோலாகக் கொண்டு எழ முயலும் ஒரு சமுதாயத்தின் இளைஞர்கள், உயரத்தைக் காட்டிலும் அந்தப் பள்ளத்தையும் அந்த ஊன்றுகோலையுமே முதலில் அறிய வேண்டும். அந்த நோக்கத்துடனேயே நமது கல்விக் கழகத்தின் இவ்வெள்ளி விழா மலரில் மேரி ஸ்லெஸ்ஸர் அம்மையாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைக்க முன்வந்தோம்.

அம்மையார் அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்லர்; பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும் அல்லர். பதினோரு வயதில் ஆலைக்கு வேலைக்குச் சென்ற ஏழைத் தொழிலாளியின் மகள். ஆயினும் அவர் மறைந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் நகரம் துக்கம் காத்தது. பிறந்த நாளிலேயே சாவுக்கு விதிக்கப்பட்ட எத்தனையோ குழந்தைகள் அவரால் உயிர் பிழைத்து வளர்ந்தனர்.

பிறப்பும் வறுமையும்

மேரி மிட்செல் ஸ்லெஸ்ஸர் 1848ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரை அடுத்த கில்கோம்ஸ்டன் என்னுமிடத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எழுவரில் இவர் இரண்டாவது குழந்தை. தந்தை இராபர்ட் ஸ்லெஸ்ஸர் காலணி தைக்கும் தொழிலாளி. தாயார் நெசவில் தேர்ந்தவர், இறைப்பற்று மிக்கவர்.

தந்தையாரிடம் கைத்தொழில் இருந்தது. உழைக்க உடலிலே வலுவும் இருந்தது. ஆனால் குடிப்பழக்கம் அவ்விரண்டையும் விழுங்கிவிட்டது. வேலை தேடிக் குடும்பம் 1859ஆம் ஆண்டில் டண்டீ நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை காலணித் தொழிலை விட்டு ஆலையிலே கூலியானார்; தாயாரும் நெசவாலைக்குச் சென்றார். இருவர் உழைத்தும் குடும்பம் நிமிரவில்லை. சனிக்கிழமை இரவுகளில் கூலிப்பணம் மதுக்கடையில் கரைந்து போக, தந்தை தள்ளாடி வீடு திரும்புவதை அஞ்சி எதிர்நோக்கிய குழந்தைகளில் மேரியும் ஒருவர். குடிகாரத் தந்தையின் வீட்டில் குழந்தைகள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை நம்மில் பலருக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னாளில் ஆப்பிரிக்காவில் மது வாணிகத்தை அம்மையார் அத்துணைக் கடுமையாக எதிர்த்ததன் வேர் இந்த வீட்டிலேயே இருந்தது.

காலப்போக்கில் தந்தையும் ஆண் மக்களும் நோயுற்று இறந்தனர். எஞ்சியவர்கள் தாயாரும், மேரியும், இரு தங்கைமாரும் மட்டுமே. குடும்பத்தின் பெருஞ்சுமை மேரியின் தோள்மீது விழுந்தது.

அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி

அக்காலத்துப் பிரிட்டனில் குழந்தைத் தொழிலாளர் முறை சட்டத்திற்கு உட்பட்டதாகவே நடைபெற்றது. 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் நாளின் ஒரு பகுதியில் ஆலையில் வேலை செய்து, மற்றொரு பகுதியில் பள்ளியில் படிக்க வேண்டும். இவர்களை அரைநாள் தொழிலாளர் என்று அழைத்தனர். பதினோரு வயதில் மேரி, டண்டீயின் பெரிய ஆலையான பேக்ஸ்டர் சகோதரர் ஆலையில் இவ்வாறு சேர்ந்தார். எழுத்தும் எண்ணும் அவருக்குக் கிடைத்தது, உடல் களைத்த பின் எஞ்சிய அந்த அரைநாளில்தான்.

பதினான்கு வயதிற்குள் அவர் தேர்ந்த நெசவாளராகி முழுநாள் தொழிலாளியானார். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை தறியின் முன் நிற்க வேண்டும். இடையே உணவுக்குச் சிறிது நேரமே ஓய்வு. பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. ஆனால் கல்வி முடியவில்லை. தறியின் ஓரத்தில் புத்தகத்தைச் சார்த்தி வைத்து, கைகள் நூலைக் கவனிக்கும்போதே கண்களால் இரண்டொரு வரிகளைப் படித்துக்கொள்வாராம். ஆப்பிரிக்காவிற்குச் சென்ற டேவிட் லிவிங்ஸ்டனும் இளமையில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து இவ்வாறே படித்தவர் என்பது மேரிக்குப் பெரிய ஊக்கமாக அமைந்தது. தம்மைப் போன்ற ஒருவர் முன்பே ஒரு வழியில் நடந்து சென்றிருக்கிறார் என்று அறிவதே ஏழை மாணவனுக்குப் பாதி வலிமையாகும்.

ஏழைக் குடியிருப்பில் ஆசிரியை

டண்டீ நகரின் நெருக்கடி மிகுந்த சந்துகளில் வாழ்ந்த தொழிலாளர் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்தத் திருச்சபையார் ஏற்பாடு செய்தபோது, மேரி தம்மையும் ஓர் ஆசிரியையாக ஒப்புக்கொடுத்தார். ஊதியமில்லாப் பணி அது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்த பின்பும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் அச்சந்துகளில் நடந்தார்.

முரட்டுச் சிறுவர் கூட்டம் ஒன்று வகுப்பைக் குலைக்க முனைந்தது. அவர்களுள் ஒருவன் கயிற்றில் ஈயக்கட்டியைக் கட்டி அவர் முகத்தருகே சுழற்றினான். சுழற்சி நெற்றியை நெருங்கிக்கொண்டே வந்தது. மேரி இமைக்காமல் நின்றார். அவரது துணிவைக் கண்ட சிறுவன் ஈயக்கட்டியைக் கீழே எறிந்துவிட்டுத் தோழர்களுடன் வகுப்பிற்குள் நுழைந்தான். குழந்தைகளை அன்பால் ஆளவும், முரடர் முன் அஞ்சாது நிற்கவும் அவர் பயின்றது டண்டீயின் சந்துகளிலேதான். ஆப்பிரிக்கக் காட்டில் அவருக்குக் கைகொடுத்தவையும் இவ்விரண்டே.

கடல் கடந்த பணி

காலபார் என்பது இன்றைய நைஜீரிய நாட்டின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஆற்றுத் துறைமுகம். பல தலைமுறைகளாக அடிமை வாணிகம் நடந்த இடம். அங்கே கிறித்தவ மிஷன் 1846ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கும் எண்ணம் முதலில் எழுந்தது ஸ்காட்லாந்தில் அன்று. ஜமைக்காத் தீவின் சபைகளிலே. 1838ஆம் ஆண்டில் முழு விடுதலை பெற்ற கறுப்பின மக்கள், தம் முன்னோர் விலங்கிடப்பட்டுக் கப்பலேறிய மண்ணுக்கு நற்பணி ஆற்ற விழைந்தனர். ஹோப் வாடெல் என்னும் போதகருடன் முதற்குழுவில் ஜமைக்கா மக்களும் சென்றனர். அடிமைத்தளையை நேற்றுக் கழற்றியவர்கள் இன்று பிறருக்குப் பணிசெய்யப் புறப்பட்ட இச்செய்தியை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

காலபார் பற்றிய செய்திகளைத் தாயார் ஆர்வத்துடன் படித்து மக்களுக்குச் சொல்லி வந்தார். 1873ஆம் ஆண்டில் லிவிங்ஸ்டன் மறைந்த செய்தி நாடெங்கும் பரவியபோது மேரியின் எண்ணம் உறுதி பெற்றது. ஐக்கிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் மிஷன் குழுவிற்கு விண்ணப்பித்தார். எடின்பரோ நகரில் சில மாதப் பயிற்சி பெற்ற பின், 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் எத்தியோப்பியா என்னும் கப்பலில் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. அதே கப்பலில் ஆப்பிரிக்காவிற்கு மதுப்பீப்பாய்களும் ஏற்றப்பட்டதைக் கண்டு அவர் உள்ளம் வருந்தினார். தம் வீட்டைக் கெடுத்த பொருளே கண்டம் கடந்து இன்னொரு மக்களையும் கெடுக்கச் செல்வதை அவர் கண்ணெதிரே கண்டார்.

காலபாரில் அவர் முதலில் செய்த வேலை எஃபிக் மொழியைக் கற்றதே. வெள்ளையர் பலர் ஆண்டுக்கணக்கில் பயின்றும் தடுமாறிய அம்மொழியை அவர் சந்தையிலும் அடுக்களையிலும் பெண்களோடும் குழந்தைகளோடும் பேசிப் பேசியே கற்றார். அம்மக்களே தம்மவர் என்று எண்ணுமளவுக்குச் சரளமாகப் பேசினார். காலப்போக்கில் தொப்பியையும் காலணியையும் களைந்தார். கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். ஊர் மக்கள் உண்பதையே உண்டார். ஊதியத்தில் மிச்சப்படுத்தித் தாயாருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் இவ்வெளிய வாழ்க்கைக்கு ஒரு காரணம். மலேரியாக் காய்ச்சல் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1879ஆம் ஆண்டில் உடல் தேறத் தாயகம் சென்று, மறு ஆண்டே திரும்பி வந்தார்.

பிறவிப் பழி

அப்பகுதி மக்களிடையே கொடிய நம்பிக்கை ஒன்று நிலவியது. ஒரு தாய் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றால், அவற்றுள் ஒன்று தீய ஆவிக்குப் பிறந்தது என்று கருதினர். எது ஆவியின் குழந்தை என்று அறிய இயலாததால் இரண்டையுமே அழித்தனர். மண்பானையிலிட்டுக் காட்டில் எறிந்துவிடுவர். பெற்ற தாயையும் ஊரைவிட்டு விரட்டுவர். அவள் புழங்கிய பாண்டங்கள் உடைக்கப்படும். அவள் நடந்த பாதையில் நடக்கவும் பிறர் அஞ்சுவர்.

அக்குழந்தைகள் செய்த குற்றம் யாது? பிறந்தது ஒன்றே. அத்தாய் செய்த தீங்கு யாது? பெற்றது ஒன்றே. செயலால் அன்றிப் பிறப்பால் ஒருவர்மீது தீட்டைச் சுமத்துவதும், தொட்டால் தீங்கு வரும் என்று விலக்குவதும், விலக்கப்பட்டவர் நடக்கும் வழியைக்கூடத் தனியே பிரிப்பதும் எந்த நாட்டில் நிகழ்ந்தாலும் ஒரே நோயின் வெவ்வேறு வடிவங்களே. இந்நோயின் சுவையை அறிந்தவர்களுக்கு இவ்வரலாறு அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

அம்மையார் வாதாடிக்கொண்டு காத்திருக்கவில்லை. இரட்டையர் பிறந்த செய்தி கேட்டதும், பகலோ இரவோ, மழையோ காய்ச்சலோ பாராமல் ஓடினார். உயிரோடு கிடைத்த குழந்தைகளைத் துணியில் சுற்றித் தம் வீட்டிற்கு எடுத்து வந்தார். டப்பாப் பாலைக் கரைத்து ஊட்டினார். இரவில் தொட்டில்களில் கட்டிய கயிறுகளைத் தம் படுக்கையருகே வைத்துக்கொண்டு, அழும் குழந்தையின் கயிற்றை இழுத்து ஆட்டுவார். பல குழந்தைகள் பிழைத்தன. பல அவர் கையிலேயே இறந்தன. இறந்தவற்றைத் தாமே அடக்கம் செய்தார்.

ஜேனியும் அவள் தந்தையும்

அவர் முதன்முதலில் தம் மகளாகவே வளர்த்த இரட்டைப்பிறவி ஒரு பெண் குழந்தை. உடன்பிறந்த ஆண் குழந்தை பிழைக்கவில்லை. இக்குழந்தைக்குத் தம் தங்கையின் பெயரான ஜேனி என்பதையே சூட்டினார். 1883ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றித் தாயகம் சென்றபோது ஜேனியையும் உடன் அழைத்துச் சென்றார். கறுப்பினக் குழந்தையைத் தோளில் சுமந்து ஸ்காட்லாந்துச் சபைகளில் அவர் நின்ற காட்சி, எந்தச் சொற்பொழிவையும்விட மக்கள் மனத்தை அசைத்தது.

காலபாருக்குத் திரும்பிய பின் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். ஜேனியின் சொந்தத் தந்தை ஒருநாள் அங்கு வந்தார். ஆனால் மகளை நெருங்க அஞ்சித் தொலைவிலேயே நின்றார். அம்மையார் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, குழந்தையின் பிஞ்சுக் கைகளை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டார். முதலில் நடுங்கிய மனிதர், பின்பு மகளை மடியில் அமர்த்திக்கொண்டார். அதன்பின் அவர் மகளைக் காண வரும்போதெல்லாம் கையில் ஏதேனும் கொண்டுவந்தார்.

சட்டம் செய்ய முடியாத ஒன்றை இத்தீண்டல் செய்தது. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. சட்டம் இன்றியமையாதது; அதனை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுக்க இயலாது. ஆனால் சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தில் உள்ள அச்சத்தை, அருகில் நின்று தொட்டு உணரும் அனுபவமே போக்கும் என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

ஒகோயாங் நாட்டில்

1886ஆம் ஆண்டிற்குள் தாயாரும் தங்கை ஜேனியும் அடுத்தடுத்து மறைந்த செய்தி அவரை எட்டியது. மற்றொரு தங்கை சூசன் முன்பே இறந்திருந்தார். தம்மைப் பற்றிக் கவலைப்பட இனி வீட்டில் எவரும் இல்லை; ஆதலால் எவ்வளவு உள்நாட்டிற்குச் சென்றாலும் தடையில்லை என்று அவர் துணிந்தார். துயரத்தையே உரிமையாக மாற்றிக்கொண்ட உள்ளம் அது.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கிரீக் டவுன் மன்னர் ஏயோ கொடுத்துதவிய படகில் ஒகோயாங் என்னும் உள்நாட்டுப் பகுதிக்குப் புறப்பட்டார். உடன் சென்றவை அவர் வளர்த்த ஐந்து குழந்தைகள். படகிலிருந்து இறங்கிய பின் கொட்டும் மழையில் காட்டுவழியே ஏறத்தாழ நான்கு மைல் நடக்க வேண்டும். மூத்த சிறுவன் தலையில் பெட்டியைச் சுமந்து முன்னே நடக்க, கடைக்குட்டியைத் தோளில் சுமந்து அழும் குழந்தைகளைத் தேற்றியவாறே அவர் பின்னே நடந்தார்.

ஏகெங்கே என்னும் ஊரில் தலைவர் ஏடெம் அவருக்கு இடமளித்தார். தலைவர் வீட்டுப் பெண்களிடையே பாய் விரித்துப் படுத்து அவர் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். பின்னர் மண் குழைத்துச் சுவர் எழுப்பி வீடும் பள்ளியும் கட்டினார். துப்பாக்கியும் சாராயமும் அடிமை விலங்குமே வாணிகப் பொருள்களாக இருந்த அவ்வூரில், பனையெண்ணெயும் கிழங்கும் விளைவித்துக் கடற்கரை ஊர்களோடு நேர்மையான வாணிகம் செய்யுமாறு மக்களை ஊக்கினார். உழைக்கும் கைக்குக் குடிக்க நேரமிராது என்பது அவர் கண்ட உண்மை.

தலைவரின் மகன் ஏட்டிம், வீடு கட்டும்போது மரம் விழுந்து இறந்தான். எந்தச் சாவும் எவரோ செய்த சூனியத்தின் விளைவு என்பது ஊரார் நம்பிக்கை. ஆதலால் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஏசெரே என்னும் நச்சுக்கொட்டையைக் கொடுத்துச் சோதிப்பர். உண்டவர் பிழைத்தால் குற்றமற்றவர், இறந்தால் குற்றவாளி. பலர் விலங்கிடப்பட்டனர். அம்மையார் மாண்டவனின் உடலைப் பட்டாடையாலும் குடையாலும் தொப்பியாலும் அரசனைப் போல் அலங்கரித்து அமர்த்தி, ஊரார் மனம் நிறைய மரியாதை செய்தார். கைதிகளையோ இரவும் பகலும் அருகிலிருந்து காத்தார். பல நாள் போராட்டத்திற்குப் பின் அத்துணைப் பேரும் உயிர் தப்பினர். மக்களின் துயரத்தை மதித்துக்கொண்டே கொடுமையை மறுத்த அறிவு வியக்கத்தக்கது.

மருந்துப் புட்டி

இப்போராட்டங்களில் அம்மையார் தனியே இல்லை. தலைவர் ஏடெமின் தங்கையான ஏமே என்னும் விதவை, ஊராருக்குத் தெரியாமல் அவருக்குத் துணை நின்றார். எங்கேனும் கொலையோ சண்டையோ நிகழவிருப்பதாக அறிந்தால், மருந்து நிரப்பித் தருமாறு ஒரு புட்டியை அம்மையாரிடம் அனுப்புவார். புட்டி வந்தால் ஆயத்தமாக இரு என்பது இருவருக்கும் இடையே இருந்த அடையாளம். அம்மையார் எவ்வாறு முன்னதாகவே அறிகிறார் என்று ஊரார் வியந்தனர். வெளியூரிலிருந்து வந்தவரின் துணிவைப் புத்தகங்கள் பாடுகின்றன. ஆனால் உள்ளூரில் இருந்துகொண்டு, கண்டுபிடிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்று அறிந்தும் புட்டியை அனுப்பிய அப்பெண்ணின் துணிவு அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

அம்மையாருக்குத் தம் வாழ்வில் இல்லறத்திற்கான வாய்ப்பும் வந்தது. சார்லஸ் மாரிசன் என்னும் இளம் மிஷன் ஆசிரியரை மணக்க அவர் இசைந்தார். ஆனால் மாரிசனின் உடல்நிலை கருதி ஒகோயாங்கில் பணியாற்ற மிஷன் குழு அவரை அனுமதிக்கவில்லை. ஒகோயாங்கைக் கைவிட அம்மையார் ஒப்பவில்லை, திருமணம் நின்றது.

நீதி வழங்கிய கை

1892ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவரை ஒகோயாங்கின் துணைத் தூதுவராக அமர்த்தியது. ஊர் நீதிமன்றத்தில் தலைமை ஏற்று வழக்குகளைத் தீர்த்தார். அக்காலத்தில் பிரிட்டனில் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமையே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளில் அவர் தீர்ப்புக் கடுமையாக இருந்தது. 1905ஆம் ஆண்டில் இகோட் ஓபோங் நீதிமன்றத்தின் துணைத் தலைவரானார்.

ஏட்டுக்கல்வியோடு கைத்தொழிலும் வேண்டும் என்று அவர் மிஷன் குழுவை வற்புறுத்தி வந்தார். 1895ஆம் ஆண்டில் காலபாரில் ஹோப் வாடெல் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டதற்கு அவரது தூண்டுதலும் ஒரு காரணமாகும். பின்னாளில் தென்கிழக்கு நைஜீரியாவின் தலைவர்கள் பலர் அதில் பயின்றனர். யூஸ் என்னும் ஊரில் கைவிடப்பட்ட பெண்களும் சிறுமியரும் தம் கையால் உழைத்துப் பிழைப்பதற்கான இல்லத்தையும் அமைத்தார். குழந்தையைக் காப்பாற்றுவது முதற்படி. அக்குழந்தை பிறர் தயவின்றி நிற்கச் செய்வதே முடிவான படி என்பது அவர் கொள்கை.

1898ஆம் ஆண்டில் தாம் வளர்த்த நான்கு பெண் குழந்தைகளுடன் ஸ்காட்லாந்து சென்று வந்தார். ஐம்பதைக் கடந்த வயதில் மிதிவண்டி ஓட்டக் கற்று, புதிதாக அமைந்த சாலைகளில் ஊர் ஊராகச் சென்றார். நடக்க இயலாத காலத்தில் சிறு வண்டியில் அமர, பிள்ளைகள் தள்ளிச் சென்றனர்.

மறைவும் நினைவும்

1915ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் யூஸ் ஊரில் தம் மண்வீட்டிலே, வளர்த்த மகளிர் சூழ்ந்திருக்க அம்மையார் காலமானார். அப்போது அவருக்கு வயது 66. உடல் ஆற்றுவழியே காலபார் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. 1956ஆம் ஆண்டில் அரசி இரண்டாம் எலிசபெத் அக்கல்லறையில் மலர்வளையம் வைத்தார். காலபாரில் இரட்டைக் குழந்தைகளை ஏந்தி நிற்கும் அவரது சிலை உண்டு. ஒருகாலத்தில் வாரக்கூலிக்கு நின்ற ஆலைப்பெண்ணின் உருவம், 1990களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி வெளியிட்ட பத்துப் பவுன் நோட்டிலும் இடம்பெற்றது.

நிறையும் குறையும்

வரலாற்றைப் படிப்போர் கண்ணைத் திறந்துகொண்டு படிக்க வேண்டும். அம்மையாரைப் பற்றி முன்னாளில் எழுதிய மேலைநாட்டார் பலர், ஆப்பிரிக்க மக்கள் அனைவரையும் காட்டுமிராண்டிகள் என்றும், ஒளியெல்லாம் ஐரோப்பாவிலிருந்தே வந்தது என்றும் எழுதினர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அதே நைஜீரியாவின் மேற்குப் பகுதியில் வாழும் யோரூபா மக்கள் இரட்டைக் குழந்தைகளைப் பெரும்பேறாகப் போற்றுகின்றனர். இறந்த இரட்டையருக்கு மரப்பாவை செய்து சீராட்டும் மரபும் அவர்களுடையது. ஆகவே அக்கொடுமை ஓர் இனத்தின் இயல்பு அன்று. ஓர் இடத்தில் வேர்கொண்ட வழக்கமே. வழக்கமாயின் மாற்றவும் கூடும்.

இரண்டாவதாக, அவருக்குப் பதவி தந்த அரசு அம்மண்ணை ஆளவந்த அரசு. 1901-02ஆம் ஆண்டுகளில் ஆரோ மக்கள்மீது படையெடுத்ததும் அதே அரசே. அப்படை சென்ற வழியில் அம்மையாரின் பணியும் விரிந்தது. அவரது நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் பேரரசின் நிழல் அப்பணியின்மீது விழுந்ததை மறைப்பதும் முறையன்று. நைஜீரியா 1960ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அந்நாட்டு மக்கள், ஆட்சியை விலக்கிவிட்டு அன்னையின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டனர். எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது என்று அறிந்த அம்மக்களின் தெளிவு நமக்கும் பாடமாகும்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர்கள் மூன்று செய்திகளைக் கொள்ளலாம். கல்விக்கு முழுநாள் கிடைக்காவிடில் அரைநாளைப் பற்றுக. அதுவும் கிடைக்காவிடில் தறியின் ஓரத்தில் கிடைக்கும் இரண்டு வரியைப் பற்றுக. இது முதலாவது. படித்த பின் தாம் ஏறிவந்த சந்தை மறவாமல், அங்குள்ள குழந்தைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் எழுத்தறிவிக்க முன்வருக. கடல் கடந்து செல்லும் தொண்டும் அச்சந்திலிருந்தே தொடங்குகிறது. இது இரண்டாவது. பிறப்பின் பெயரால் எவர்மீது பழி சுமத்தப்பட்டாலும், அவர் நம்மவராயினும் அயலாராயினும், அருகில் சென்று கைப்பற்றி நிற்க வேண்டும். நம்மீது சுமத்தப்பட்ட பழியை எதிர்க்கும் நாம், நம் இல்லங்களில் பெண்பிள்ளைகள்மீதும் விதவையர்மீதும் நாமே சுமத்தும் பழிகளையும் களைந்தால்தான் அந்த எதிர்ப்புக்கு முழு உரிமை உண்டாகும். இது மூன்றாவது.

இக்கழகத்தின் 25 ஆண்டுப் பணி, ஒருவர் கையை மற்றொருவர் பற்றி மேலேற்றிய பணியே. இம்மலரைக் கையில் ஏந்தும் ஒவ்வோர் இளைஞரும் இளநங்கையும் தம் தெருவில் படிப்பை நிறுத்திய குழந்தை ஒன்றைக் கண்டறிந்து, அதனை மீண்டும் பள்ளி வாயிலுக்கு அழைத்துச் செல்வாராயின், அதுவே இவ்விழாவிற்கு நாம் செய்யும் சிறப்பாகும்.